குரலில் சரிபார்த்தது

போன மாதம் எங்கள் பழைய படக் காப்பகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இப்போது இருப்பவர்கள் எல்லாரும் இளம் பிள்ளைகள். பழைய படங்களைப் புதிய கணினி முறைக்கு மாற்றுகிறார்கள். நான் போட்டுவைத்த குறிச்சொற்களில் சில அவர்களுக்கு விளங்கவில்லையாம். வந்து ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போகவேண்டுமாம். போகும் வழி முழுக்க, தெரிந்த முகம் எதுவும் அங்கே இருந்துவிடக்கூடாது என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே போனேன். ஓய்வுபெற்ற பிறகும் என் உத்தியோகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

அது என்ன உத்தியோகம் என்று சொல்லிவிடுகிறேன். சித்திரக் கதையில் ஒருவன் கிணற்றுக்குள் விழுந்தால் பக்கத்தில் 'தொபுக்' என்று எழுதியிருக்கும் அல்லவா? அந்தத் தொபுக்கை எந்த வகைக்குள் போடுவது என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. பத்திரிகைச் சித்திரக் கதைகள், துறைமுகத்துப் பாதுகாப்புச் சுவரொட்டிகள், பள்ளிக்கூடக் கையெழுத்துச் சஞ்சிகைகள், பிள்ளைகள் கீறிய படக்கதைகள் என்று ஆயிரக்கணக்கில் எங்களிடம் இருந்தன. அவற்றுக்குள் எழுதியிருந்த ஒவ்வொரு சத்தத்துக்கும், பிறகு தேடுகிறவன் கண்டெடுக்கும்படி ஒரு குறிச்சொல் வேண்டும். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் 'தகவல் முகாமைத்துவம்' என்று சொல்லிவிட்டுப் பாயாசத்தின் பக்கம் திரும்பிவிடுவேன். மனைவிக்கு உண்மை தெரியும். பாவம், அவளும் வெளியே சொன்னதில்லை.

கூட்டத்தில் பிள்ளைகள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "சேர், ஒவ்வொரு பதிவிலயும் மூன்று கட்டம் இருக்கு. 'எழுதியபடி' விளங்குது. 'எழுப்பியது' விளங்குது. 'குரலில் சரிபார்த்தது' எண்டா என்ன? இப்ப கணினியே படத்தைப் பார்த்துக் குறிச்சொல் போடுது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமோ?"

முன்வரிசையில் என் மகளைவிட எவ்வளவோ இளைய ஒரு பெண் பேனையைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுட்டது. "அது பழைய பழக்கம். எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அங்கே சொல்லமுடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் தட்டெழுத்தாளனாக இருந்தவன். கழுத்துப்பட்டி கட்டிய வேலை. அது மூடப்பட்டபோது மகளுக்குப் படிப்பு முடியவில்லை. காப்பகத்தில் ஆள் தேவை என்றார்கள், போனேன். பழைய பண்டகசாலை ஒன்றின் மேல்மாடி. கணினி பழகச் சில கிழமைகள் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவேண்டியது ஜெஸீமா மிஸ்ஸைப் பற்றி.

மிஸ்தான் எங்கள் பொறுப்பாளர். கிண்ணியாக்காரர், முன்பு கணக்கு ரீச்சராக இருந்தவர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை கதைத்ததை நான் கேட்டதில்லை. ஏசவும் மாட்டார். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அது நிமிர்ந்து நின்றால் சரி, படுத்துவிட்டால் பிழை. அவ்வளவுதான் தீர்ப்பு. படுத்த பென்சிலைப் பார்ப்பதைவிட நாலு வார்த்தை ஏச்சு வாங்குவது சுகம் என்று எனக்குத் தோன்றும்.

அவர் வைத்திருந்த முறை இதுதான். முதலில் படத்தில் உள்ள ஒலியை எழுதியபடியே பதியவேண்டும். பிள்ளை மூன்று 'ர்' போட்டிருந்தால் நாமும் மூன்று. திருத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. அடுத்தது அதை எழுப்பியது எது என்று பார்க்கவேண்டும்: சுழல்வதா, விழுவதா, உரசுவதா, வாயா. மூன்றாவதுதான் என் மானத்தை வாங்கிய கட்டம். மிஸ் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படத்துக்கு முதுகு காட்டி இருப்பார். நான் அந்தச் சத்தத்தை வாயால் எழுப்பவேண்டும். படத்தைக் காணாதவர் அது என்னவென்று கண்டுபிடித்தால் குறிச்சொல் சரி. கண்டுபிடிக்காவிட்டால் மறுபடியும் எழுப்பவேண்டும்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதன், தலை நரைக்கத் தொடங்கியவன், பட்டப்பகலில் நின்று "ங்ஙொய்ய்" என்றும் "படக்" என்றும் கத்துவதை யோசித்துப் பாருங்கள். போதாததற்குக் கீழே ஆட்டோத் தரிப்பிடம்.

"யன்னலைச் சாத்திப்போட்டு வாசிக்கட்டே, மிஸ்?" என்று முதல் கிழமையே கேட்டேன்.

"சாத்தினாக் காத்து வராது" என்றார்.

கீழே இருந்த பெடியங்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. நான் ஒரு சத்தம் போட்டால் கீழேயிருந்து, "ஐயா, அது எருமை!" என்று குரல் வரும். வெட்கக்கேடு என்னவென்றால், பாதி நேரம் அது எருமையாகவே இருக்கும். மிஸ் சுவரைப் பார்த்தபடி பென்சிலை நிமிர்த்துவார். நான் எருமை என்று பதிந்துகொள்வேன்.

ஒருமுறை 'சளக்' என்று ஒரு ஒலி. எழுதியிருந்ததைச் சும்மா சொல்லிவைத்தேன்.

"துடுப்பு" என்றார் மிஸ்.

"இல்லை மிஸ். மீன் துள்ளுது."

பென்சில் படுத்தது. "மீனுக்கு உயிர் இருக்கு, கனகரெத்தினம். திரும்ப வாசிங்க."

இப்படியே வருடங்கள் போயின. பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வெளி ஆட்கள் யாராவது படியேறி வந்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். மிஸ்ஸுக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கிய நேரம் அது. மாப்பிள்ளையின் தகப்பன் திரியாயைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பலகாரத்தில் கைவைக்கு முன்னர், பெண்ணின் தகப்பன் வேலைசெய்யும் இடத்துக்குச் சும்மா வந்ததுபோல ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அவரும் ஒருநாள் காலை வந்துவிட்டார். "பழைய துறைமுகப் படங்கள் இருக்காமே, பார்க்கலாமெண்டு" என்றார். யார் என்று சொல்லி மிஸ்ஸுக்கு அறிமுகப்படுத்தினேன். மிஸ் கதிரை போடச் சொல்லித் தேநீரும் எடுப்பித்தார். நான் நல்ல வேளையாக அன்று ஸ்திரி போட்ட சேட்டோடு வந்திருந்தேன். வகைப்படுத்தல், ஆவணப்படுத்தல் என்று பெரிய பெரிய சொற்களாக எடுத்துவிட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் செல்வராணி படியேறி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஈச்சிலம்பற்றிலிருந்து விடியப் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"சுனாமியில கடல் வந்த பிறகு எங்கட பக்கத்துப் பிள்ளையள் முகாம் பள்ளிக்கூடத்தில கீறின படமெல்லாம் இங்கதான் இருக்காம், சேர். என்ட தம்பி கீறினதும் இருக்கோணும். பேர் எழுதியிருக்கமாட்டான்."

"பாத்தா உங்களுக்குத் தெரியுமா மகள்?" என்று மிஸ் கேட்டார்.

"இல்ல மிஸ். நான் அந்தப் படத்தக் காணேல்ல. ரீச்சர் வாங்கி வச்சிட்டா. அப்பா வள்ளத்து எஞ்சினக் கயிறு போட்டு இழுக்கிறதும் அது பிடிக்காததும்தான் கதை. அவன் பின்னேரத்தில வந்து வாயால செய்து காட்டுவான். குர்ர்... குர்ர்... எண்டு. அதுக்குப் பிறகு ஒண்டு வரும். எல்லாரும் சிரிப்பம். அதுதான் எனக்கு வருகுதில்ல. கேட்டாத் தெரியும்."

அந்தத் தம்பி யுத்தத்தால் வந்த அடுத்த இடப்பெயர்வில் காய்ச்சலில் இறந்துபோனான். வீட்டில் அவனுடைய ஒரு புகைப்படம்கூட இல்லை. இருந்ததைக் கடல் கொண்டுபோயிற்று, பிறகு எடுக்க வசதி வரவில்லை. தகப்பனுக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பிள்ளையின் முகம் நினைவுக்கு வருகுதில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவன் கைபட்ட ஒன்றையாவது பார்வை போகுமுன் அவர் கையில் கொடுக்கவேண்டும். இவ்வளவையும் அவள் அழாமல் சொன்னாள்.

பிள்ளைகள் கடல் வந்த வருடத்தில் கீறியவை எல்லாம் வள்ளமும் கடலும்தான். எஞ்சின் வரும் படங்கள் மட்டும் ஒரு கட்டு இருந்தன. அவற்றை மேசையில் பரப்பிக் காட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. மிஸ் விடவில்லை.

"முதல் பாத்தா எல்லாப் படமும் அவன்ட படமாத்தான் தெரியும், மகள். முதல் கேளுங்க. பிறகு பாக்கலாம்."

மிஸ் சொன்னது சரி. ஆளை இழந்தவர்கள் வந்து எந்தப் படத்தையும் தங்களுடையது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். செல்வராணி சுவரைப் பார்த்து இருந்தாள். நான் திரையைப் பார்த்து நின்றேன். என் திரைக்கு நேர் அங்காலே, தேநீர்க் கோப்பையும் கையுமாக, மாப்பிள்ளையின் தகப்பன் இருந்தார்.

ஒவ்வொன்றாக வாசித்தேன். 'டுர்ர்ர்.' "இல்ல சேர்." 'கட கட கட.' "இல்ல சேர்." குரலை எவ்வளவு இறக்கலாமோ அவ்வளவு இறக்கி, இதெல்லாம் ஏதோ அலுவலகத் தேவைக்காக என்பதுபோல வாசித்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துபோனது. எனக்கு வேர்த்தது.

பிறகு அந்தப் படம் வந்தது. நாலு கட்டம். முதல் இரண்டிலும் ஒரு மனிதன் கயிறு இழுக்கிறான்: 'குர்ர்ர்', 'குர்ர்ர்'. மூன்றாவதில் அவன் தலையைத் திருப்பித் துப்புகிறான். கட்டத்துக்குள் அடங்காமல் இவ்வளவு பெரிய எழுத்தில் 'தூ!' கடைசிக் கட்டத்தில் வள்ளம் மணலிலேயே கிடக்கிறது, அதன்மேல் ஒரு காகம். அங்கே ஒலி எதுவும் எழுதவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அவர். ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே தூ என்று சொன்னால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதுவும் சம்பந்தம் பேச வந்த மனிதனின் முகத்துக்கு நேரே.

"குர்ர், குர்ர்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

செல்வராணியின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் காத்திருந்தாள். பின்னால் ஒன்றும் வராதபோது தோள் பழையபடி இறங்கியது. "இல்ல சேர்" என்றாள். கட்டு முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். எனக்குப் பெரிய கும்பிடு ஒன்று போட்டு, "கஷ்டம் தந்திட்டன், சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கும்பிட்டை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாப்பிள்ளையின் தகப்பனும் விடைபெற்ற பிறகு மிஸ் தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "அந்தக் கட்டை எனக்கும் ஒருக்கா வாசிங்க."

வாசித்தேன். அந்தப் படம் வந்ததும் முழுதாக வாசித்தேன். குர்ர்ர், குர்ர்ர், தூ. கீழேயிருந்து, "ஐயா, எஞ்சின் பிடிக்கேல்லையோ?" என்று ஒருவன் கேட்டான். மிஸ்ஸின் பென்சில் எழும்பவும் இல்லை, படுக்கவும் இல்லை.

"இதை அந்தப் பிள்ளைக்கு இப்படி வாசிக்கல்ல."

"இல்லை மிஸ்."

"ஏன்?"

"அந்த மனிசன் முன்னால இருந்தவர். எனக்கு வெக்கமாப் போச்சு."

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை விடியப் புறப்பட்டு வந்தது, கனகரெத்தினம்" என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஏச்சுகளில் பெரியது அதுதான்.

செல்வராணி தொலைபேசி இலக்கம் தந்துவிட்டுத்தான் போயிருந்தாள். எடுத்துச் சொல்லியிருக்கலாம். முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொருமுறை அதே வேலையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் வேலை முடிந்து புறப்படும்போது மிஸ் ஒரு மட்டை உறையைக் கையில் தந்தார். உள்ளே இருந்தது பிரதி அல்ல, பிள்ளை கீறிய தாளே. "அதுதான் எண்டா குடுத்திட்டு வாங்க. எங்களுக்குப் பிரதி போதும்" என்றார்.

மூதூர் போய், அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து, வெயில் ஏறிய பிறகுதான் செல்வராணியின் வீட்டு வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்சட்டை போட்ட அந்நிய மனிதன் ஒருவன் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? வேலிக்கு அங்காலே பெண்கள் கூடிவிட்டார்கள். செல்வராணி என்னைக் கண்டு திகைத்து நின்றாள்.

"தங்கச்சி, நேற்று நான் ஒண்டை முழுசா வாசிக்கேல்ல. இப்ப வாசிக்கிறன். அங்கால திரும்பி நில்லுங்கோ" என்றேன்.

அவள் முருங்கை மரத்தைப் பார்த்து நின்றாள். நான் கயிறு இழுப்பதுபோலக் கையையும் இழுத்தேன். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"குர்ர்ர்... குர்ர்ர்... தூ!"

கோழிகள் சிதறின. வேலியோரம் குபீரென்று சிரிப்பு. செல்வராணி திரும்பாமல் முருங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம் சேர்... ஓம். அப்பா துப்புவார். ஏலாமப் போனா அப்பா துப்புவார்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

தகப்பன் உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார். தாளை அவர் கையில் வைத்தாள். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். தாள் தலைகீழாக இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. "என்னடி இது?" என்று கேட்டார். செல்வராணி என்னைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் வந்து, கடைசியில் பார்வை அந்தத் தாள் வரைக்கும் போகவில்லை.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அந்தக் கிழவரின் முகத்துக்கு நேரே நின்று வாசித்தேன். குர்ர்ர், குர்ர்ர், தூ.

அவர் அசையவில்லை. நான் மறுபடி வாசித்தேன்.

"சோக்க இழு" என்றார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் குமிழ் அது.

"என்னப்பா?" என்றாள் செல்வராணி.

"சோக்க இழுடா, தம்பி. சோக்க இழுக்காம எப்படிப் பிடிக்கும்?"

படத்தில் எஞ்சின் பிடிப்பதில்லை. வள்ளம் மணலில் கிடக்கிறது, காகம் இருக்கிறது, கதை முடிகிறது. எழுதாத ஒன்றைக் கூட்டக்கூடாது என்பதுதான் நான் படித்த முதல் பாடம். கிழவர் தலையைச் சரித்துக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. பிடிக்கும்வரை இருந்திருப்பார்.

நான் சோக்கை இழுத்தேன். "குர்ர்ர்... குர்ர்ர்ர்... டுப்... டுப்... டுப் டுப் டுப்டுப்டுப்..."

"ம். பிடிச்சிட்டுது" என்றார். கையை மெல்லத் தூக்கி அசைத்தார். "போயிட்டு வா. கனதூரம் போகாத."

மூச்சு இருக்கும்வரை அந்த எஞ்சினை ஓட்டினேன், பிறகு மெல்ல மெல்லத் தூரமாக்கினேன். வேலியோரம் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வராணி தேநீர் வைக்கப் போனாள். நான் குடிக்காமல் புறப்பட்டுவிட்டேன். இறந்துபோன பிள்ளையின் இடத்தில் நின்று அவனுக்குச் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேனே என்று பஸ்ஸில் முழு வழியும் குறுகிப்போய் இருந்தேன். இன்றுவரை அந்தக் குறுகல் போகவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் அதே கிழமை சந்தையில் கண்டு மறித்தார். சம்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்தேன். "அண்டைக்கு அந்தப் பிள்ளை தேடி வந்தது கிடைச்சுதோ?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்ப சரி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாறம்" என்றார். நான் யாருக்குப் பயந்து அந்த ஒரு சொல்லை விழுங்கினேனோ, அந்த மனிதருக்கு அந்தப் பிள்ளையின் நினைப்புத்தான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் என் நினைப்பு.

பிள்ளைகளே, அந்தக் கட்டத்தை எடுக்கலாம் என்று நான் சொன்னது பிழை. எடுக்காதீர்கள். கணினி என்ன வேண்டுமானாலும் போடட்டும். ஒருவர் சுவரைப் பார்த்து இருங்கள், மற்றவர் வாயைத் திறவுங்கள். வெட்கம் வரும். வரட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஈச்சிலம்பற்றிலிருந்து திரும்பிய மறுநாள் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் மிஸ்ஸிடம் சொன்னேன். கடைசியில் எஞ்சினைப் பிடிக்கவைத்ததையும் சொன்னேன்.

மிஸ் பென்சிலை மேசையில் உருட்டினார். "படத்தில இல்லாததைக் கூட்டக்கூடாதெண்டு உங்களுக்கு நான்தானே சொல்லித்தந்த."

"ஓம் மிஸ்."

அவர் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "வாசிங்க."

யன்னல் திறந்திருந்தது. கீழே ஆட்டோக்காரர்கள் கூடி நின்றார்கள். வழக்கம்போல முகம் சுட்டது. கயிற்றை இழுத்தேன், துப்பினேன், சோக்கை இழுத்தேன். வீதி முழுக்கக் கேட்கும்படி எஞ்சினை ஓட்டினேன்.

"ஐயா!" என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். "எஞ்சின் பிடிச்சிட்டுது!"

மிஸ் திரும்பவில்லை. பென்சில் மட்டும் எழும்பி நின்றது.